மீன் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்

கீழப்பொட்டல்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்ன பிறகு பக்கத்தில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். இது தெரிந்திருந்தும் நான் நின்றேன். என் போதாத காலம், எனக்கு வங்காளம் பேச வரும்.

ரயில்வேயில் கார்டாக இருபத்திரண்டு வருஷம் கரக்பூரில் குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, இனி யாருக்கும் பச்சைக் கொடி காட்ட வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் பக்கத்து ஊர் கீழப்பொட்டலிலிருந்து மூன்று பேர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஒச்சப்பன், மொக்கைச்சாமி, பரமன். மூவரும் உடன்பிறந்தவர்கள். இவர்களுடைய இறந்துபோன சகோதரனின் மகன் இளம்பரிதி கல்கத்தாவில் வேலை பார்க்கிறான். அங்கேயே மிதாலி என்று ஒரு பெண்ணை விரும்பிவிட்டான். அவன் அம்மாவுக்கு நடமாட்டம் இல்லாததால், பெரியப்பா ஒச்சப்பனும் சித்தப்பாமார் இருவரும்தான் போய்க் கல்யாணத்தை நடத்த வேண்டும்.

"நீங்க கூட வந்து அவுக பேசுறதை எங்களுக்குச் சொன்னாப் போதும் கார்டய்யா, மத்ததை நாங்க பாத்துக்கிருவோம்" என்றார் ஒச்சப்பன். அந்த 'மத்தது' என்ன என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் பெண் குழந்தையே பிறந்ததில்லை. ஒச்சப்பனுக்கு மூன்று பையன்கள், மொக்கைச்சாமிக்கு நான்கு, பரமனுக்கு இரண்டு. ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்திலாவது பெண்ணை மறுவீட்டுக்கு அனுப்பும்போது, பெண்ணைப் பெற்றவனைவிட ஒச்சப்பன்தான் சத்தமாக அழுவார். நமக்கு இப்படி ஒரு பிள்ளையை அனுப்பிவைக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அவருக்கு அப்படி ஒரு ஏக்கம்.

ஹௌரா ஸ்டேஷனில் இறங்கினோம். இளம்பரிதி எங்களை ஓரமாக நிறுத்தி வைத்துப் பேசினான்.

"பெரியப்பா, மிதாலிக்கு அப்பா அம்மா கிடையாது. வளர்த்தது அவ அத்தை. ஷெஃபாலி பிஷின்னு பேரு. அத்தையைத்தான் இங்க பிஷிம்பாங்க. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல ஹெட்மிஸ்ட்ரஸ்ஸா இருந்தவங்க. நம்ம குடும்பத்து மேல அவங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரலை. அதனால அவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே செய்யுங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம். இந்தப் பொண்ணு இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்."

"சொன்னதைத்தானப்பா செய்யணும். அதுல என்ன கஷ்டம்?" என்றார் மொக்கைச்சாமி. திரும்பிப் போகிற ரயில் எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

முதல் சடங்கு, நம்ம ஊர் நிச்சயதார்த்தம் மாதிரி. ஆசீர்வாத் என்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பெண்ணின் தலையில் நெல்லும் புல்லும் வைத்து வாழ்த்த வேண்டும். நாலு நெல்மணி, ஒரு கொத்து அருகம்புல், அவ்வளவுதான் சங்கதி. பிஷி சொன்னதை நான் இவர்களிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். அந்த இடைவெளியில் மூவரும் கூடி ஆலோசித்திருக்கிறார்கள்.

"நம்ம அட்சதை போடுறோமே, அந்த மாதிரியாண்ணே?" என்று கேட்டிருக்கிறார் பரமன்.

"அட்சதைன்னா அட்சதைன்னு சொல்லியிருப்பாகல்ல? நெல்லுன்னா நெல்லுதான்" என்றாராம் ஒச்சப்பன்.

"எம்புட்டு நெல்லு?"

"அளவு சொல்லலையே. அப்ப நம்ம கை தாராளமான்னு பாக்குறாக."

"அந்தப் புள்ள ஒல்லியா இருக்கேண்ணே. மூட்டையத் தாங்குமா?"

"அதுக்குத்தான் நாம மூணு பேர் போறோம். ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டா தலையில பட்டும் படாம இருக்கும். வச்ச மாதிரியும் ஆச்சு, புள்ளைக்கு வலிக்காமலும் ஆச்சு."

நான் தலை துவட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது காரியம் பாதி முடிந்துவிட்டது. பெண் வீட்டுக் கூடத்தில் மிதாலி பாயில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலைக்கு மேலே ஒரு நெல் மூட்டை. அதை மூன்று பக்கமும் பிடித்தபடி மூன்று சம்பந்திமார், முகமெல்லாம் வியர்வையோடு, "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழணும்" என்று வாழ்த்திக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு புல்லுக்கட்டு முறை வருவதற்காகக் காத்திருந்தது.

மிதாலி ஒருதரம் மேலே பார்த்தாள். அப்புறம் இளம்பரிதியைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மூட்டையின் அடித்தையல் விட்டது. பிள்ளையை நெல்லுக்குள்ளிருந்து எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் தெருவில் போன பசுமாடு ஒன்று புல்லுக்கட்டைப் பாதி முடித்துவிட்டது.

ஷெஃபாலி பிஷி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். காட்சி மாறவில்லை. என்னிடம் வங்காளத்தில் நிதானமாகச் சொன்னார்.

"இவர்களிடம் சொல்லுங்கள். கல்யாணத்தன்று காலையில் மஞ்சள் சடங்கு இருக்கிறது. அதில் இதுபோல் இன்னும் ஒரு தவறு நடந்தால், என் பெண்ணை இந்தக் குடும்பத்துக்கு அனுப்ப மாட்டேன். இவர்களை நம்பி எப்படி அனுப்புவது?"

நான் சொன்னேன். மொக்கைச்சாமி ரொம்ப யோசித்துவிட்டு, "சாக்குப் பை பழசு கார்டய்யா. அதைச் சொல்லுறாக போல. தப்பு நம்ம மேலதான்" என்றார். இளம்பரிதி இரண்டு நாள் சாப்பிடவில்லை. பாவம், பையன் ஒரு சுற்று இளைத்தே போனான்.

இப்போது மஞ்சள் சடங்கு. மாப்பிள்ளைக்குப் பூசிய மஞ்சளில் மிச்சத்தைப் பெண் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கூடவே சேலை, இனிப்பு, அப்புறம் முக்கியமாக ஒரு மீன். பெரிய ரோகு மீனாக வாங்கி, அதற்குச் சேலை கட்டி, மூக்குத்தி வைத்து, மணப்பெண் மாதிரி அலங்காரம் செய்து தட்டில் வைத்து அனுப்புவது அந்த ஊர் வழக்கம். அழகாக இருக்கும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதை இவர்களிடம் சொன்னபோதுதான் வினை பிறந்தது.

"மீனுக்கு எதுக்குக் கார்டய்யா கல்யாண அலங்காரம்?" என்று கேட்டார் பரமன்.

"வழக்கம் அப்படி."

ஒச்சப்பன் மெதுவாகத் தலையை ஆட்டினார். அவருக்கு ஏதோ விளங்கிவிட்டது. கீழப்பொட்டல்காரருக்கு ஏதாவது விளங்கினால் நாம் உஷாராக வேண்டும். நான் ஆகவில்லை.

"டேய், இது பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிற சம்பந்தம்டா" என்றார் தம்பிமாரிடம். "நம்ம ஊர்ல இல்லையா? அவுக பொண்ணை நாம எடுத்தா, நம்ம பொண்ணை அவுக வீட்டுக்குக் குடுக்கணும். நம்ம வீட்ல பொண்ணே இல்லைன்னு இளம்பரிதி சொல்லியிருப்பான். அந்தம்மா பெரிய மனசு பண்ணி, சரி, ஒரு மீனையாச்சும் பொண்ணாக் குடுங்கன்னு இறங்கி வந்திருக்காக."

"நெல்லு கொட்டுனதுக்கு அப்புறமுமா?" என்றார் மொக்கைச்சாமி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அது ஒண்ணும் இல்லை, வெறும் அலங்காரம்தான்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை. மூன்று தலைமுறை ஏக்கம், என் ஒருவன் பேச்சில் அடங்குமா?

விடிகாலை ஐந்து மணிக்குச் சந்தைக்குப் போனோம். மீன்காரர் பனிக்கட்டியில் கிடந்த ஒரு பெரிய ரோகுவைத் தூக்கிக் காட்டினார். ஒச்சப்பன் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"இது உசுரோட இல்லையேய்யா."

"மீன் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"செத்ததைக் குளிப்பாட்டி, மஞ்சப் பூசி, மாலை போட்டுத் தூக்கிட்டுப் போனா அதுக்கு நம்ம ஊர்ல பேரு கல்யாணமா? வேற காரியம்ல அது. அந்தம்மா வீட்டு வாசல்ல போய் அப்படி ஒரு அபசகுனம் பண்ணச் சொல்றீகளா?"

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அந்த இடத்தில் அவர் பேசியது எனக்கே நியாயமாகப் பட்டது. தொட்டியில் நீந்திக்கொண்டிருந்த எட்டுக் கிலோ மீன் ஒன்றை உயிரோடு வாங்கி, அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அதில் விட்டுக் கொண்டுவந்தோம்.

வந்ததும் பேர் வைத்தார்கள். பேர் இல்லாத பெண்ணை எப்படி அனுப்புவது? செத்துப்போன தங்கள் தாயார் பேரையே வைத்தார்கள், சீனியம்மாள் என்று. பேரைக் கேட்டதும் மீன் ஒருதரம் வாலை அடித்தது. "ஆத்தாவே வந்துட்டா" என்று பரமன் கையெடுத்துக் கும்பிட்டார்.

சேலை கட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நாலு தரம் கட்டினார்கள், நாலு தரமும் உதறிவிட்டது. "வெக்கப்படுது" என்றார் மொக்கைச்சாமி. ஆம்பளைகள் நிற்கக்கூடாது என்று எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். பிறகு, உள்ளே பொம்பளை யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்து, மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு போய்க் கட்டினார்கள். கட்டி முடித்ததும் பார்த்தால் பாதிச் சேலை பரமனைச் சுற்றி இருந்தது.

பெண் வீடு நாலு தெரு தள்ளி. மற்றவர்களைப் போல் தட்டில் வைத்துக் கொண்டுபோகாமல் அண்டாவில் கயிறு கட்டி, கம்பு கோத்து, தோளில் சுமந்து போனோம். கூடவே சீர்வரிசை. குத்துவிளக்கு, குடம், பாய், தலையணை, ஒரு டஜன் கண்ணாடி வளையல். ஒச்சப்பன் அண்டா பக்கத்திலேயே நடந்துகொண்டு, வழி நெடுக மீனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தார்.

"போற இடத்துல அனுசரிச்சு நடந்துக்கத்தா. காலையில வெள்ளனமா எந்திரி. யாரும் ஒரு சொல்லுச் சொன்னா மனசுல வச்சுக்கிறாத. என்ன கஷ்டம்னாலும் பெரியப்பனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு."

பெண் வீட்டு வாசலில் சங்கு ஊதினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். சம்பிரதாயமாக மீனை வாங்க அந்த வீட்டுச் சமையல்காரர் கையில் பெரிய அரிவாள்மனையோடு வெளியே வந்தார்.

ஒன்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். வங்காளத்தில் மாப்பிள்ளை கல்யாணம் முடிகிறவரை கையில் ஒரு பாக்குவெட்டியை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காத்து கருப்பு அண்டாமல் இருக்க இரும்பு. இளம்பரிதி கையில் காலையிலிருந்து அதுதான் இருந்தது. இதைப் பார்த்திருந்த மூவரும் அந்தச் சமையல்காரரை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"கையில இரும்பு வச்சிருக்காரு. இவருதான் மாப்பிள்ளை" என்றார் பரமன் மெல்லிய குரலில்.

"நம்ம பயகிட்ட இருக்கிறதைவிடப் பெருசால்ல இருக்கு" என்றார் மொக்கைச்சாமி. "வசதியான இடம்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஒச்சப்பன் மாலையைப் போட்டுவிட்டார். வேட்டி, துண்டை நீட்டி, சமையல்காரர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மூணு தலைமுறைக்கு ஒரே பொண்ணு, மாப்பிள்ளை. செல்லமா வளந்தது" என்றார்.

செல்லமாக வளர்ந்தது காலை ஐந்து மணியிலிருந்து.

சமையல்காரர் நல்ல மனிதர். மாலை போட்டதும் சந்தோஷமாகச் சிரித்தார். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, முகம் மலர, வங்காளத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"என்ன சொல்றாரு? பொண்ணு பிடிச்சிருக்காமா?" என்று மூவரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

மறைத்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் சொல்வதை அப்படியே சொல்லத்தானே என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். "ரொம்பப் பிடிச்சிருக்காம்" என்றேன். "தலையைப் பருப்பில் போடுவாராம். வயிற்றுப் பக்கத்தைக் கடுகு அரைத்துக் குழம்பு வைப்பாராம். வாலை வறுப்பாராம்."

ஒச்சப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். மொக்கைச்சாமி அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பரமன் சமையல்காரர் கழுத்தில் போட்ட மாலையைக் கழற்ற, அவர் விடாமல் பிடிக்க, அரிவாள்மனை ஒரு பக்கம் ஆட, சங்கு ஊதியவர் பயந்துபோய் இன்னும் பலமாக ஊதினார். இளம்பரிதி போன் பண்ணினான். "மாமா, எல்லாம் ஒழுங்காப் போகுதா?" என்றான். நான் வைத்துவிட்டேன்.

ஷெஃபாலி பிஷி வெளியே வந்தார்.

எல்லாச் சத்தமும் நின்றது. நான் முடிந்தது கதை என்று நினைத்தேன். இன்னும் ஒரு தவறு என்று சொல்லியிருந்தாரே, இது ஒன்றுக்குள் அடங்குமா? சாயங்காலம் முகூர்த்தம். இளம்பரிதிக்கு என்ன பதில் சொல்வது?

"என்ன நடக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது, சீனியம்மாள், வளையல், மாப்பிள்ளை, பருப்பு, எல்லாம்.

"இந்த மனிதர் ஏன் தரையில் உட்கார்ந்து அழுகிறார்?"

ஒச்சப்பனிடம் கேட்டேன். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு பேசினார். "அந்தம்மாகிட்ட சொல்லுங்க கார்டய்யா. கல்யாணம் நடக்கலேன்னாலும் பரவாயில்லை. பய ரெண்டு நாள் அழுவான், அப்புறம் தேறிக்கிருவான். ஆனா வெட்டுற இடத்துல எங்க பொண்ணைக் குடுக்க மாட்டோம். நாங்க திருப்பிக் கூட்டிட்டுப் போறோம்."

அப்படியே சொன்னேன். பிஷி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்த மீன் இவர்களிடம் எத்தனை நாளாக இருக்கிறது?"

"நாலு மணி நேரமாக."

"நாலு மணி நேரத்துக்கா இந்த அழுகை?"

"ஆமாம்மா."

பிஷி கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை இல்லை. "ஒரு மீனை இப்படிப் பார்த்துக்கொள்கிறவர்கள், என் மிதாலியை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்?" என்றார். "எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். சாயங்காலம் மாப்பிள்ளையை நேரத்தோடு வரச் சொல்லுங்கள்."

நான் இதை மூவரிடமும் சொன்னேன். ஒச்சப்பன் மட்டும், "அது சரி, எங்க பொண்ணு விஷயம் என்னாச்சு?" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம். பிஷியே முன்னால் நடந்துபோய், அண்டாவைச் சாய்க்கச் சொன்னார். சீனியம்மாள் சேலையை உதறிவிட்டுத் தண்ணீருக்குள் போனது. திரும்பிப் பார்க்கவில்லை. "புருஷன் வீடுன்னதும் நம்மளை மறந்துட்டா பாரு" என்று மொக்கைச்சாமி பொருமினார். குத்துவிளக்கையும் பாயையும் கரையில் வைத்துவிட்டு வந்தோம்.

சாயங்காலம் கல்யாணம் அமோகமாக நடந்தது. மிதாலி முகத்தை வெற்றிலையால் மறைத்துக்கொண்டு வந்து, மெல்ல விலக்கி இளம்பரிதியைப் பார்த்தபோது பையன் தேம்பிவிட்டான். பந்தியில் ரோகு தலை போட்ட பருப்பு. சமையல்காரர் அவசரமாக வேறு மீன் வாங்கிவந்திருந்தார். மூவரும் இலையை உற்றுப் பார்த்தார்கள்.

"இது யாரு வீட்டுப் பொண்ணு?" என்றார் பரமன்.

"யார் வீட்டுப் பெண்ணும் இல்லை, மீன்" என்றேன்.

"அப்பச் சரி" என்று மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆடி மாதம் பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் அல்லவா? மூவரும் சேலை, மஞ்சள், பலகாரத்தோடு கல்கத்தாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். மிதாலியைப் பார்க்கத்தான் போகிறார்கள் என்று நினைத்து, வழியில் என்னைக் கூப்பிட வீட்டுக்கு வந்தவர்களிடம் முழங்கால் வலியைச் சாக்குச் சொல்லி நான் தப்பித்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலையில் ஒச்சப்பன் போன் பண்ணினார்.

"கார்டய்யா, நல்ல சேதி. நாம தாத்தா ஆயிட்டோம்."

"மிதாலிக்கா? அதற்குள்ளேயா?"

"அது மெதுவா ஆகட்டும். நம்ம சீனியம்மாளுக்கு. குளம் நெறையக் குஞ்சு. பத்தாயிரம் இருக்கும்."

பிறகுதான் எனக்குத் தெரிந்தது, குளத்துக்காரர் அதற்கு முந்தின வாரம்தான் குஞ்சு வாங்கி விட்டாராம். சமையல்காரர் அதைச் சொல்லத்தான் செய்திருக்கிறார். மொழி தெரியாததால், தகப்பன் ஆன சந்தோஷத்தில் பேசுகிறார் என்று இவர்கள் அவருக்கு மோதிரம் போட்டுவிட்டார்கள்.

"சரி, பார்த்தாச்சு இல்லையா? ஊருக்குக் கிளம்புங்கள்."

"எப்படிங்க கிளம்புறது? பிள்ளைகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேணாமா? மொட்டையை விட்டுட்டோம், எல்லாம் பெறக்கும்போதே மொட்டையாத்தான் பெறந்திருக்கு. காது குத்துறதுக்குத் தாய்மாமன் மடி வேணும்ல. இளம்பரிதி லீவு போட்டு வந்து, காலையிலருந்து குளத்துல கழுத்தளவு தண்ணியில உக்காந்திருக்கான். மிதாலி குடை பிடிக்கிறா. ஆசாரி ஊசியோட ரெடியா நிக்கிறாரு."

"பிஷி அம்மா ஒன்றும் சொல்லவில்லையா?"

"அவுகதான் முன்னால நிக்கிறாக. முப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்துனவுகளாச்சே. கையில பிரம்பு வச்சுக்கிட்டு, எல்லாரையும் வரிசையில வாங்க, வரிசையில வாங்கன்னு தொண்டை வறளக் கத்துறாக. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. இந்தக் காலத்துப் பிள்ளைக."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"அது கெடக்கட்டும், உங்களைக் கூப்பிட்டது வேற ஒரு விசயத்துக்கு" என்று ஒச்சப்பன் குரலைத் தாழ்த்தினார். "முதல் பிள்ளையைப் பிடிச்சு மடியில வச்சாச்சு. அரை மணி நேரமா நாங்க எல்லாரும் மாத்தி மாத்திப் பாக்குறோம். அந்தம்மாவும் கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டாக. காதைக் காணோம். இங்க தேடித் தேடி அலுத்துப்போச்சு. நாங்க வரும்போது அவசரத்துல உங்க வீட்ல எங்கயும் விட்டுட்டு வந்துட்டோமான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. முகூர்த்தம் முடிய இன்னும் இருபது நிமிஷந்தான் இருக்கு."